வீட்டில் கட்டும் காருக்கு ஃபைபர் பேனல் பொருத்துவது எப்படி? மதுரை வெயிலுக்கு ஏற்ற வழிகாட்டி

சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வெல்டிங் முடிந்து, இன்ஜின் உட்கார்ந்து, வண்டி நான்கு சக்கரத்தில் நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, பாடி. பலருடைய வண்டி இந்த இடத்தில்தான் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்கில் தூங்குகிறது. தகரத்தைப் பொருத்துகிற பழக்கத்தோடு ஃபைபரை, அதாவது கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்து இறுகிய பொருளை, அணுகுவதால் வருகிற வினை அது. தகரம் சரியாக உட்காரவில்லை என்றால் தட்டலாம், வளைக்கலாம், சூடு காட்டி இழுக்கலாம். ஃபைபர் எந்த வடிவத்தில் இறுகியதோ அதே வடிவத்துக்குத்தான் திரும்பப் பார்க்கும். போல்ட்டை முடுக்கி அதை வழிக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கு ஒத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல் விடும். அதனால் புதிதாக இறங்குகிறவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: பேனலைச் சேஸிஸுக்கு இழுக்காதீர்கள், சேஸிஸிலிருந்து பிராக்கெட்டை (பேனலைத் தாங்கும் இரும்புப் பிடியை) பேனலிடம் கொண்டுபோங்கள். கீழே வருகிற எல்லாமே இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே பழைய கார் இன்ஜினை வைத்துக் கட்டிய வண்டியில் ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வரலாம் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். சொந்தத் தோட்டம், கல்லூரி மைதானம், மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டியோடு இறங்குகிற ஃபார்முலா, பாஹா போட்டிகள், கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் மாதிரி இடங்கள்தான் இதற்கு. அங்கேயும் ஓட்டிப் போகாமல் ஒரு குட்டி லாரியில் ஏற்றிப் போங்கள். போட்டிக்கு என்றால் விதிப்புத்தகத்தில் பாடிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டு மோல்டில் (பேனலை வார்க்கும் அச்சில்) கை வையுங்கள். கூரான விளிம்பு, மூக்கின் வளைவு போன்ற விஷயங்களில் சோதகர்கள் கறாராக இருப்பார்கள்.

சரி, பேனல்.

ஃபைபர் பாடி என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. 1953-இல் வந்த செவர்லே கார்வெட் முழுக்க ஃபைபர் பாடிதான். நம் பக்கத்திலும் பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின், பிறகு வந்த சான் ஸ்டார்ம் எல்லாம் ஃபைபர் பாடியோடு ஓடியவை. மதுரையில் இந்த வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பாத்ரூம் கதவு, விளம்பரப் பொம்மை, பஸ் பம்பர் செய்கிற பட்டறைகளைக் கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் யாராவது பழக்கம் என்றால் இன்னும் விசேஷம். மூலையில் காற்று நிற்காமல் மேட்டை, அதாவது கண்ணாடி இழை விரிப்பை, படிய வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

நீங்களே போட்டாலும், பட்டறையில் கொடுத்தாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வெளிப்பக்கம் ஜெல்கோட் (மேலே தெரிகிற வழவழப்பான ரெசின் பூச்சு), அதன் பின்னால் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு. ஒரு அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும், ஆக 3 மி.மீ. போல்ட் வருகிற இடத்திலும் விளிம்பிலும் இரண்டு அடுக்கு கூடுதலாக. மேட்டின் எடையைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின் போகும். அப்படிச் செய்த பேனல் சதுர மீட்டருக்கு நாலரை கிலோ பக்கம் வரும், 0.8 மி.மீ. தகரம் ஆறு கிலோவுக்கு மேல். மேட்டைக் குறைத்து ரெசினை அள்ளி ஊற்றினால் கனம் ஏறும், பலம் ஏறாது. அது கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

நீங்களே ரெசின் கலப்பதாக இருந்தால் வெயில் உங்கள் முதல் எதிரி. ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 10 முதல் 20 கிராம் என்பது கணக்கு. சித்திரை, வைகாசியில் 10 கிராமே தாராளம். சீக்கிரம் இறுகுகிறதே என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். அளவைக் குறைப்பதைவிட நேரத்தை மாற்றுங்கள். விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். கலந்ததை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அதுவே சூடாகிப் புகைய ஆரம்பிக்கும்; மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி வெளியே வையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது பாதுகாப்பு. ரெசினில் உள்ள ஸ்டைரீன் 32 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் மதியம் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங், பீடி எதுவும் ஆகாது. துணி மாஸ்க் தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது, ஆவியைச் சுத்தமாகத் தடுக்காது. கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. தெறித்துவிட்டால் அங்கேயே குழாயடியில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, பிறகு அண்ணா நகர் அரவிந்த் மாதிரி கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழுவாமல் ஆட்டோ பிடிப்பதில் பலனில்லை. இன்னொன்று: கடையில் கோபால்ட்டை (இறுகும் வேகத்தைக் கூட்டும் திரவம்) தனிப் பாட்டிலில் கொடுத்தால், முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டிலும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

பேனல் கைக்கு வந்ததும் பெயின்ட் அடிக்கும் முன் இரண்டு சோதனை. பிக்மென்ட் சேர்க்காத பகுதியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். நன்றாக ஊறிய இடம் தேன் நிறத்தில் ஒரே சீராக வெளிச்சம் விடும். காற்று நின்ற இடமும், ரெசின் குடிக்காத மேட்டும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும், இழைகூடக் கண்ணில் படும். நிறம் சேர்த்த பேனல் என்றால் ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிக் டிக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று விழுந்தால் ஜெல்கோட்டுக்குப் பின்னால் உள்ளே பள்ளம். பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே போல்ட் போடக் கூடாது, திறந்து நிரப்ப வேண்டும்.

அப்புறம் ஒரு வாரமாவது பேனலைச் சும்மா விடுங்கள். இறுகிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே வேதிவினை நடந்துகொண்டே இருக்கும். முடிந்தால் மோல்டிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்ததைச் சுவரில் சாய்த்து வைத்தால் வெயிலில் தளர்ந்து அந்தச் சாய்வையே தன் வடிவமாக எடுத்துக்கொள்ளும். மரச்சட்டத்தில் வளைவுக்கு ஏற்ப ஒரு தொட்டில் செய்து அதில் கிடத்துங்கள்.

இப்போது வண்டியைத் தயார் செய்யலாம். ஜாக்கியில் தூக்கி வைத்தபடி பேனல் அளவெடுக்கிற பழக்கம் வேண்டாம். சேஸிஸ் கொஞ்சம் முறுக்கி நிற்கும், கீழே இறக்கியதும் கதவு இடுக்கு மாறிவிடும். வண்டி தன் டயரில், ஓட்டுநர் எடைக்குச் சமமான மணல் மூட்டையை சீட்டில் சுமந்துகொண்டு, மட்டமான தரையில் நிற்க வேண்டும். தரை மட்டத்தைப் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கிற தண்ணி டியூபே போதும், அதைவிடத் துல்லியமான கருவி வீட்டில் கிடைக்காது. சேஸிஸின் நடுவே முன்னிருந்து பின்னுக்கு நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நடுக்கோடு போடுங்கள். இடது, வலது எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். பேனலிலிருந்து பேனலுக்கு அளந்துகொண்டே போனால் தப்பு ஒவ்வொரு பேனலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசியில் டிக்கி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது, ஓட்டை எதுவும் போடாமல் எல்லாப் பேனலையும் வண்டியில் வைத்துப் பார்ப்பது. மரக்கட்டை, தெர்மாகோல், கயிறு, பேப்பர் டேப் என்று எது கிடைக்கிறதோ அதை வைத்து நிறுத்துங்கள். கதவு இருக்கிற வண்டி என்றால் கதவுதான் முதலில். அது கீலில் திறந்து மூட வேண்டிய பொருள், அதன் இடம் மாறாது. கதவுக்கு ஏற்ப ஃபெண்டர், ஃபெண்டருக்கு ஏற்ப மூக்கு, எல்லாம் நின்ற பிறகு பானெட். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். கம்பெனி காரில் அவ்வளவு இருக்காதே என்று சிலர் கேட்பார்கள். கம்பெனிக்கு உள்ள அச்சு நமக்கு இல்லை. தவிர பெயின்டும் பிரைமரும் சேர்ந்து இரு பக்கமும் கொஞ்சம் இடத்தைச் சாப்பிடும். ஐஸ் குச்சி இரண்டைச் சேர்த்துச் சொருகினால் ஏறத்தாழ இந்த அளவு வரும். நீளம் முழுக்க சொருகிக்கொண்டே போனால் இடுக்கு நூல் பிடித்தாற்போல் வரும். இந்த நிலையில் ஒரு நாள் முழுக்க விட்டு, காலை, மதியம், மாலை என்று போய்ப் பாருங்கள். வெயிலில் பேனல் எப்படி அசைகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அந்த அசைவுக்குக் கணக்கு உண்டு. ஃபைபர், இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். மார்கழி விடிகாலைக்கும் கத்திரி வெயில் மதியத்துக்கும் பேனலில் 45 டிகிரி வித்தியாசம் வரும் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் நீளத்தில் சேஸிஸ் இரும்பு 0.8 மி.மீ. நீளும், ஃபைபர் 2 மி.மீ. பக்கம் நீளும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எங்கேயாவது போயாக வேண்டும். இடம் கொடுத்தால் நகரும், கொடுக்காவிட்டால் உப்பும் அல்லது கீறும்.

வெட்டுவது எளிது, அரிப்புதான் கஷ்டம். ஓரத்தில் பேப்பர் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள். ஜெல்கோட் சில்லுச் சில்லாகத் தெறிக்காது. ஆங்கிள் கிரைண்டரில் டைல்ஸ்காரர்கள் போடுகிற டைமண்ட் பிளேடு அருமையாக வெட்டும். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி கட்டாயம். தூசி ஒட்டிய கையைத் துண்டால் துடைத்தால் இழை இன்னும் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப் போட்டால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பிராக்கெட். இதில்தான் பொறுமை வேண்டும். நான் பரிந்துரைக்கிற முறையில் பேனலின் வெளிப்பக்கம் ஓட்டையே விழாது. 2 மி.மீ. இரும்புத் தகட்டில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, நடுவில் ஒரு எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டை வெல்டு வையுங்கள். தகடு முழுக்க 6 மி.மீ. ஓட்டைகளாகப் போட்டு, மூலைகளை உருட்டிவிடுங்கள். இந்த வேலைக்குப் போடுகிற பாலியஸ்டர் ரெசின் இரும்பைச் சரியாகப் பிடிக்காது. ஓட்டை வழியாக ரெசின் இறங்கிப் பூட்டுப் போட்டுக்கொண்டால்தான் நிற்கும். சேஸிஸிலிருந்து வருகிற பிராக்கெட்டில் போல்ட் போகும் துளையை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள், 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. நீளம் வாக்கில்.

பிறகு வரிசை இது. தகட்டின் போல்ட்டை பிராக்கெட் துளையின் நடுவில் ரப்பர் வாஷரோடு லேசாகப் பூட்டுங்கள். பேனல் ஏற்கெனவே மரக்கட்டை, ஐஸ் குச்சி ஆதரவில் தன் இயல்பான இடத்தில் நிற்கிறது. தகடு பேனலின் உள்பக்கத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாமல் 5, 10 மி.மீ. தள்ளி நின்றால் பிராக்கெட்டை வளையுங்கள், நீட்டுங்கள், அறுத்து மறுபடி வெல்டு வையுங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள், பேனலை மட்டும் அழுத்தாதீர்கள். வெல்டு வைக்கும்போது பேனலைக் கழற்றித் தூரமாக வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரை ரெசினில் டால்க் பவுடரும் துண்டு நூலும் குழைத்த கெட்டிக் கலவையால் நிரப்பலாம். ஒட்டுகிற இடத்தை முன்கூட்டியே 60 நம்பர் தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்திருக்க வேண்டும். கலவை இறுகியதும் பேனலைக் கழற்றித் திருப்பிப் போட்டு, தகட்டின் மேல் மேட் இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓரங்குலம் அகலமாக. ஒரே நேரத்தில் ஐந்தாறு அடுக்கு போட்டால் சூட்டில் வெளிப்பக்கம் தகட்டின் வடிவம் அப்படியே தடம் விழும். எவ்வளவு பட்டி பார்த்தாலும் சாய்ந்த வெயிலில் அது காட்டிக்கொடுக்கும்.

பஸ் பாடி வேலை பார்த்த ஒரு மேஸ்திரி இதை ஒரே வரியில் சொல்வார்: "இழுத்து முடுக்குனா இன்னைக்கு நிக்கும் தம்பி, வெயில் வந்தா அது வேலையக் காட்டிரும்."

வெளியிலிருந்து போல்ட் போட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு, உதாரணமாகச் சக்கர வளைவின் கீழ் ஓரம். அங்கே விளிம்பிலிருந்து குறைந்தது 20 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். டேப் ஒட்டி, பின்னால் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 8 மி.மீ. பிட். எம்6 போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை எதற்கு என்று மேலே கணக்கிலேயே பார்த்தோம். இரு பக்கமும் ரப்பர் வாஷர், அதன் மேல் 25 மி.மீ. அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகக் கழலாத நட்). வாஷர் கையால் சுற்ற முடியாத அளவுக்கு முடுக்கினால் போதும், ஸ்பானரில் தொங்க வேண்டாம். செல்ஃப் ஸ்க்ரூவை நேரடியாக ஃபைபரில் ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. அதிர்வில் ஓட்டை தின்று தின்று பெரிதாகி ஸ்க்ரூ உதிர்ந்துவிடும்.

பானெட்டுக்குக் கீல் வைக்கும்போது தனித் தகரச் சட்டம் உள்ளே வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் காற்றில் துடிக்கும். பூட்டோடு கூட ஒரு பாதுகாப்புக் கொக்கியும் போடுங்கள்.

எல்லாம் நின்ற பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கிப் பாருங்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் எந்த நிலையிலும் 40, 50 மி.மீ. இருக்கட்டும். சைலன்சர் பக்கம் இன்னும் கவனம். சாதாரண ஜிபி (பொது உபயோக) ரெசின் 60, 70 டிகிரியைத் தாண்டினால் விறைப்பை இழக்கத் தொடங்கும். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பேனலுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றை இரு பக்கமும் காற்று போகும்படி இடம் விட்டு நிறுத்துங்கள். இதே காரணத்தால் கறுப்பு பெயின்ட் அடிக்காதீர்கள் என்பது என் கருத்து. மதுரை வெயிலில் கறுப்புப் பேனல் தோசைக்கல் மாதிரி ஆகும், மேட்டின் இழைத் தடம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வெள்ளை, மஞ்சள், இளநீலம் எல்லாம் நல்லது.

பெயின்ட் பெரிய விஷயமில்லை. மோல்டில் தடவிய வேக்ஸ் பேனலில் ஒட்டியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு அசிட்டோன், அதற்குப் பிறகே உப்புத்தாள். துடைக்காமல் தேய்த்தால் வேக்ஸை உள்ளே தேய்த்து ஏற்றுகிறீர்கள். பாலியஸ்டர் பட்டி, 2கே பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிப்பது), 400, 800 தண்ணித்தாள், பெயின்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஒயரிங் பக்கம் புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் ஒன்று. தகர பாடியில் லைட்டுக்கு ஒரு ஒயர் கொடுத்தால் எர்த் பாடி வழியாகவே வந்துவிடும். ஃபைபரில் கரண்ட் பாயாது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் ஒவ்வொன்றுக்கும் தனியாக எர்த் ஒயர் இழுத்து, சேஸிஸில் பெயின்டைச் சுரண்டிய இடத்தில் பூட்டுங்கள். எரிபொருள் டாங்க் வாய் ஃபைபர் பேனலில் இருந்தால் அந்த இரும்பு வாய்க்கும் ஒரு எர்த் ஒயர் அவசியம். நிலைமின்சாரம் பெட்ரோல் நிரப்பும்போது பொறியாக மாறக்கூடும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு பேனல்களைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். சேஸிஸ் குழாய் உரசிய இடத்தில் வெள்ளைப் பொடியோ கறுப்புத் தீற்றலோ இருக்கும். அங்கே குழாய் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். நட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிப் பூட்டிப் பழகிய நைலாக் நட் பிடிப்பை இழந்துவிடும், விரலால் சுற்றினாலே உள்ளே போகிறது என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஒரு பாக்கெட் எம்6 கூடுதலாக வாங்கி டூல்ஸ் பெட்டியிலேயே வைத்துவிட்டால் நல்லது.